காணாமல் போனவருக்கான பொட்டலம்

என் கணவன் ஓட்வார் பசியில் மலைமேல் சுருண்டு உட்கார்ந்தபோது அவன் முதுகுப்பையில் எண்ணூறு கிராம் சாப்பாடு இருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அவனைத் தெரிந்தவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள், நம்பிவிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வர ஒரு மாதம் ஆயிற்று.

ஓட்வாருக்கு ஐம்பத்தாறு வயது. பால் லாரி ஓட்டுகிறான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சிக்கொண்டு வந்து ஆலையில் இறக்குவது வேலை. ஆனால் அவனை யாராவது "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் லாரியைப் பற்றி வாயே திறக்க மாட்டான். "மலை மீட்புக் குழுவில் இருக்கிறேன்" என்பான். இருபத்தாறு வருடமாக இருக்கிறான். அதற்குச் சம்பளமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. சிவப்புச் சட்டை ஒன்று உண்டு. அதை நான் துவைக்கக்கூடாது, அவனேதான் துவைப்பான்.

ஈஸ்டர் வாரத்தில் இந்த நாட்டில் பாதிச் சனம் ஆரஞ்சுப் பழத்தையும் துப்பறியும் கதைப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடும். போனவர்களில் நாலு பேர் மூடுபனியில் வழி தவறுவார்கள், ஒருவர் காலை உடைத்துக்கொள்வார். அந்த வாரம் மலைமேல் காவல் இருப்பவர்களின் பட்டியலில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் ஓட்வாரின் வாழ்க்கை. எங்கள் கல்யாண நாளை மூன்று தடவை மறந்திருக்கிறான். ஈஸ்டர் காவலை ஒரு தடவைகூட விட்டதில்லை.

பட்டியலில் பெயர் வர மார்ச் மாதம் ஒரு தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்ன எழுதுவது, பன்னிரண்டு கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு இருபத்து நான்கு கிலோமீட்டர் பனிச்சறுக்கு. நாலு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். போன வருடம் மூன்று நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தான். வந்ததும் பனியில் குப்புற விழுந்து, "இன்னும் மூணு நிமிஷம் இருக்குல்ல?" என்று கேட்டான்.

வினை ஆரம்பித்தது செப்டம்பரில். ஸ்லெட்ஜ் என்கிற பனி இழுவண்டியில் ஆளைக் கட்டி இழுக்கும் பயிற்சி. அடிபட்டவனாகப் படுக்க ஓட்வார் முன்வந்தான். இழுத்தது ஆமுண்ட். ஊரில் குழாய் ரிப்பேர் செய்கிறவன், கை சுத்தம், வாய் மட்டும் ஒழுகும். ஏற்றத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓட்வார், உனக்கு நெஜமாவே கால் ஒடஞ்சா முன்கூட்டியே சொல்லிடு. நம்ம குழு வேணாம், கிரேன்காரனுக்குப் போன் பண்ணிடறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஓட்வார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், அவனுடைய அப்பாவின் சாவுக்கு வந்தவர்களிடமும் அப்படித்தான் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

திங்கட்கிழமை வீட்டுக்கு ஒரு எடைத் தராசு வந்தது. அதில் ஏறி நின்றான். நூற்று ஒன்பது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எசமானன் என்றால் அந்தத் தராசுதான். விடியுமுன் எழுந்து வெறும் வயிற்றோடு சக்கரம் வைத்த சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். பிறகு லாரி. சாயங்காலம் விளக்குப் போட்ட பாதையில் இன்னொரு பத்து. சாப்பாடு? மதியம் ஒரு வறட்டு ரொட்டி, ஒரு கேரட். மாலை வேகவைத்த மீன். உருளைக்கிழங்கு வேண்டாம் என்றான். முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மதம் மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

என் பிழைப்பைக் கேளுங்கள். நான் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களைச் சாப்பிட வைப்பதுதான் என் தொழில். தொண்ணூற்று மூன்று வயது தூர்பியோர்க்கிடம் கெஞ்சிக் கூத்தாடி, கஞ்சியில் அவளுக்குத் தெரியாமல் பாலேடு கலந்து, ஆறு கரண்டி உள்ளே தள்ளிவிட்டு வெற்றியோடு வீட்டுக்கு வருவேன். வந்தால் அங்கே இன்னொரு தூர்பியோர்க் மீசையோடு உட்கார்ந்து கேரட் கடித்துக்கொண்டிருக்கும்.

"ஒரு துண்டு ரொட்டி தின்னா செத்தா போயிடுவ?"

"யோருன், நீ கணக்கப் பாரு. ஓடினா குறையும். தின்னாம இருந்தா குறையும். ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா ரெண்டு மடங்கு குறையும்."

"மூளையும் சேர்த்துக் குறையுது, அதையும் கணக்குல எழுதிக்கோ."

அவன் கணக்கு முதலில் பலிக்கத்தான் செய்தது. நவம்பரில் நூற்று ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றை நாற்பது நிமிடத்தில் ஏறி இறங்கினான், இளவட்டம் போல விசிலடித்துக்கொண்டு வந்தான். வெறும் கேரட்டில் எப்படி இவ்வளவு தெம்பு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் டிசம்பரில்தான் தெரிந்தது. பண்ணைகளில் பால் எடுக்கப் போகும் இடத்தில் அந்த வீட்டுக்காரிகள் காப்பியோடு வாஃபிள் கொடுப்பார்கள், மேலே ஜாம், பக்கத்தில் பழுப்புச் சீஸ். அதை மறுத்தால் மரியாதை இல்லை என்று தின்றுகொண்டிருந்திருக்கிறான். ஒரு நாளைக்கு நாலு பண்ணை. ஐயா நன்றாக ஓடியதற்குக் காரணம் ஐயா ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான். ஆனால் அவன் அதைத் தன் பலவீனம் என்று நினைத்தான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில், கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னான். புது வருடத்திலிருந்து வாஃபிளையும் நிறுத்தினான். பண்ணை வீட்டுக்காரிகள் கோபித்துக்கொண்டார்கள். ஒருத்தி எனக்குப் போன் போட்டு, "என் கைப்பக்குவத்துல என்ன குத்தம் கண்டான் உன் புருஷன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

ஊரார் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார்கள். கடையில் பார்த்தால், "ஆகா, ஓட்வார், அப்படியே பாதியாயிட்டியே! கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கியே!" ஒவ்வொரு பாராட்டுக்கும் அவன் தட்டிலிருந்து ஏதாவது ஒன்று குறையும். நோன்புக்கு முந்தைய ஞாயிறு ஊரே பாலேடு வைத்த பன் தின்று மூக்கெல்லாம் வெள்ளையாகத் திரிந்தது. இவன் ஒரு பன்னைப் பிரித்து, மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மோந்து பார்த்ததை என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரியில் எண்பத்தெட்டு. வீட்டுக்குள் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவு குளிர். வெள்ளிக்கிழமை டாகோ சாப்பிடும்போது கையில் வெள்ளரித் துண்டோடு தூங்கிப்போனான். சின்னதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். கதவைச் சாத்தவில்லை என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நவம்பரில் நாற்பது நிமிடத்தில் ஏறி இறங்கிய அதே குன்றுக்கு இப்போது ஐம்பத்தொரு நிமிடம் ஆயிற்று. நல்லது, இப்போதாவது புத்தி வரும் என்று நினைத்தேன். தராசைப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு கிலோ போனா வேகம் வந்துடும்" என்றான்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் குட்முண்ட் இவனோடு ஒரே வகுப்பில் படித்தவர். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மேசைமேல் போட்டுவிட்டு, "உன் லாரிக்கு டீசல் ஊத்தாம ஓட்டுவியா?" என்று கேட்டார்.

"என் லாரிக்குத் தொப்பை போடாது."

"சரி, வாயாடு. எடை குறைக்கறது தப்புன்னு நான் சொல்லல. மெதுவாக் குறை. இவ்வளவு ஓடறவன் ஓடறதுக்குச் சாப்பிட்டாகணும். போறதுக்கு முன்னாடி ரொட்டி, வந்தப்புறம் ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு. கொழுப்பு கரையுதுன்னு நீ குஷியா இருக்க. தொடைச் சதை கரையுது, ஓட்வார். அப்புறம் எத வெச்சு மலையேறுவ?"

"மெதுவான்னா எவ்வளவு நாள்?"

"ஒரு வருஷம்னு வெச்சுக்க."

"தேர்வு மார்ச்சுல."

குட்முண்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குழுத் தலைவி சுன்னீவாவும் சொல்லிப் பார்த்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், பேச்சு நறுக்குத் தெறித்தாற்போல இருக்கும். "தேர்வுல எடைக்கு மார்க் கிடையாது, தெரியும்ல? கடிகாரம்தான் பார்ப்போம்" என்றாள். ஓட்வார் பவ்யமாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்குத்தான் தெரியும். ஒரு காதில் வாங்கவில்லை, இன்னொரு காது வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆளைத் தேடப் போனாலும் தேர்வுக்குப் போனாலும் ஒவ்வொரு பையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். ரொட்டி, சாக்லேட், உலர்ந்த திராட்சை, சர்க்கரைப் பானப் பொடி எல்லாம் வைத்துச் சிவப்பு நாடாவால் ஒட்டி, மேலே "காணாமல் போனவருக்கு" என்று எழுதியிருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருவன் தேடிப்போன வழியில் பசிக்கிறது என்று அதைத் தின்றுவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டு நாளாகச் சாப்பிடாத ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தான். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு குழுவின் குடிலில் ஒரு விதி ஒட்டப்பட்டது: இந்தப் பொட்டலம் காணாமல் போனவருக்கு மட்டும், தேடிப் போகிறவர் எந்தக் காரணம் கொண்டும் பிரிக்கக்கூடாது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டது வேறு யார், என் வீட்டுக்காரன்தான். தேடிப் போகிறவன் தனக்கென்று வேறு சாப்பாடு கொண்டு போவான், அது சொல்லித் தெரிய வேண்டியதா என்ன? இந்த நாட்டில் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் காகிதத்தில் ரொட்டி சுற்றிக் கொண்டு போகிற சனம் நாங்கள்.

தேர்வன்று காலை நான் ஆறு துண்டு ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் வைத்து, காகிதத்தில் சுற்றி, அவன் பைக்குள் என் கையாலேயே செருகினேன். அவனை இறக்கிவிட்டுவிட்டு முடிவிடத்துக் குடிலுக்குக் காரை ஓட்டிப் போனேன், சூடான திராட்சைச் சாறும் பன்னும் கொடுப்பது என் வேலை. குடிலுக்கு வெளியே கையுறையை எடுக்கக் கார்க் கதவைத் திறந்தால் பின்சீட்டில் என் ரொட்டிப் பொட்டலம் சிரித்துக்கொண்டு கிடக்கிறது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டிருக்கிறான். அவன் கிளம்பிக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பதினாறாவது கிலோமீட்டரில் நின்றவர்களிடம் வாக்கி டாக்கியில் கேட்டேன். "இப்பத்தான் போனான். பன் நீட்டினோம், வேணாம்னு கையாட்டிட்டான். முகம் கொஞ்சம் வெளுத்திருந்துச்சு" என்றார்கள். நல்ல வெயில், காற்று இல்லை, பனி கண்ணாடியாக மின்னியது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆமுண்ட் வந்தான், மூன்று பன் தின்றான். நாலு மணி நேரம் முடிந்தது. நாலரை ஆயிற்று. ஓட்வார் வரவில்லை. சுன்னீவா பனி ஸ்கூட்டரைக் கிளப்பி, பின்னால் ஸ்லெட்ஜை மாட்டினாள். நான் யாரையும் கேட்காமல் ஏறி அவள் பின்னால் உட்கார்ந்தேன். ஆமுண்ட் வாயில் பன்னோடு ஸ்லெட்ஜில் தொற்றிக்கொண்டான்.

ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பை மடியில். அதற்குள்ளிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சிவப்பு நாடா பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. என்னைப் பார்த்து, "நீங்களா?" என்றான். ஏதோ பேருந்து நிறுத்தத்தில் பார்த்தவர்களைக் கேட்பது போல.

"அட பாவி மனுஷா, கையில வெச்சுக்கிட்டே பட்டினி கிடக்கிறியே! பிரிச்சுத் தின்னுடா!" நான் கத்தியது அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்டிருக்கும்.

"இது எனக்கில்ல. காணாம போனவருக்கு."

சுன்னீவா அவன் முன்னால் மண்டியிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தாள், நாடி பிடித்தாள். பிறகு மெதுவாக, "ஓட்வார், நாங்க மூணு பேரும் இப்ப யாரத் தேடிக்கிட்டு வந்தோம்?" என்று கேட்டாள்.

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "யாராவது வழி தவறிட்டாங்களா?"

"ஆமா. ஐம்பத்தாறு வயசு. ஆம்பள. செவப்புச் சட்டை."

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சுன்னீவா கத்தியால் நாடாவை அறுத்தாள். சாக்லேட்டை உடைத்து அவன் வாயில் வைத்தாள், சர்க்கரைப் பானத்தைக் கலக்கிக் குடிக்க வைத்தாள். ஒரு வாய் உள்ளே போனதும் பிறகு நிறுத்த முடியவில்லை. ரொட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான். அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது, கூடவே புத்தியும் திரும்பி வந்துவிட்டது. புத்தி வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?"

"நீ கிளம்பி அஞ்சரை மணி நேரம்" என்றாள் சுன்னீவா.

மீதியைச் சறுக்கியே வருகிறேன் என்று எழுந்து பார்த்தான், இரண்டடி வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆமுண்ட்தான் அவனை ஸ்லெட்ஜில் படுக்க வைத்துக் கட்டினான். அந்த வாயாடி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டி முடித்ததும் தன் கையுறையைக் கழற்றி ஓட்வாரின் கையில் மாட்டிவிட்டான்.

ஆளைக் கண்டுபிடித்தால் குடிலுக்கு வந்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். குழுவில் படிவம் நிரப்புவது எப்போதும் ஓட்வார்தான், கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றும் அவனே பேனாவைக் கேட்டு வாங்கினான். கண்டுபிடிக்கப்பட்டவர் பெயர், வயது, எடை எல்லாம் எழுதினான். எண்பத்தேழு. "காரணம்" என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "பசி" என்று எழுதினான். பதினைந்து வருடத்தில் அப்படி ஒரு காரணம் அந்தப் படிவத்தில் ஏறியதில்லை. மூடுபனி, பனிச்சரிவு, குடி, காதல் தோல்வி எல்லாம் உண்டு.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். சுன்னீவா ஈஸ்டர் காவல் பட்டியலைப் படித்தாள். பதினொரு பெயர். ஓட்வார் பெயர் இல்லை. அவள் தயவு காட்டுவாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, அவனுக்கு அதுகூட இல்லை என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் அவன் கையைத் தூக்கினான்.

"விதிய மாத்தணும். இனிமே ரெண்டு பொட்டலம். ஒண்ணு காணாம போனவருக்கு, ஒண்ணு தேடிப் போறவருக்கு. திரும்பி வரும்போது தேடிப் போனவரோட பொட்டலம் காலியா இருக்கணும். இல்லேன்னா அடுத்த தடவை அனுப்பக்கூடாது."

"அப்போ பையில இன்னும் எண்ணூறு கிராம் கூடுமே. தேர்வுக்கும் கூடுமா?" என்று ஒருவன் கேட்டான்.

"தேர்வுக்கும்தான்" என்றான் ஓட்வார்.

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். விதி நிறைவேறியது. எங்கள் ஊரில் அவனைத் தவிர வேறு யாரும் தான் தோற்ற தேர்வைத் தானே இன்னும் கடினமாக்கிவிட்டு வீட்டுக்கு வர மாட்டார்கள்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "இருபத்தாறு வருஷம், யோருன்" என்றான். அப்புறம் அழுதான். நான் ஆறு மாதமாக ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன், நான் அப்பவே சொன்னேனே என்று. எப்போது சொல்லலாம் என்று காத்துக்கொண்டும் இருந்தேன். பைக்குள் கையை விட்டு ரொட்டியை எடுத்தேன், காகிதத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன். அழுதுகொண்டே தின்றான். சிவப்புச் சட்டையெல்லாம் துகள்.

"மறுதேர்வு எப்போ?"

"அக்டோபர், ரெண்டாவது சனிக்கிழமை. சுன்னீவா சொன்னாளே."

மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போன வருஷம் நான் தேறினேன்ல? அப்ப நான் எத்தனை கிலோ இருந்திருப்பேன்?"

"யாருக்குத் தெரியும்? அப்போ நம்ம வீட்டுல தராசே கிடையாதே."

மடியில் கிடந்த துகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு கையை நீட்டி, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டான்.